லெகசி வைரஸ்: எக்ஸ்-மென் ஆளுங்களால அடிச்சு வீழ்த்த முடியாத ஆயுதம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எக்ஸ்-மென் காமிக்ஸ் பத்தி பேச்சு வந்து அதுல யாராவது லெகசி வைரஸ்னு சொல்லிட்டா போதும், அதே பத்துப் பதினஞ்சு சந்தேகம் வரிசையா வந்துரும். ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு பதில் எழுதி வச்சிருக்கேன். ஸ்பாய்லர் நிறைய இருக்கு. கதை வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இனிமேலும் மறைச்சு வைக்கச் சொன்னா எப்படி.

லெகசி வைரஸ்னா என்ன ப்ரோ? சுருக்கமா சொல்லுங்க

மார்வல் காமிக்ஸ்ல மியூட்டன்ட்டுகளை (பிறவியிலேயே விசேஷ சக்தி இருக்கிறவங்க, எக்ஸ்-மென் எல்லாம் இவங்கதான்) கொல்றதுக்குன்னே செஞ்ச ஒரு நோய்க்கிருமி. தானா வந்த நோய் இல்ல, ஒருத்தன் திட்டம் போட்டு உருவாக்கி ஊருக்குள்ள விட்டது, அதுனால இதை உயிரியல் ஆயுதம்னுதான் சொல்லணும். 1993ல ஆள் சாக ஆரம்பிச்சாங்க, 2001லதான் மருந்து வந்தது. நடுவுல எட்டு வருஷம், எக்ஸ்-மென், எக்ஸ்-ஃபேக்டர், எக்ஸ்காலிபர், எக்ஸ்-ஃபோர்ஸ், கேபிள்னு அந்தக் குடும்பத்துல வந்த புத்தகம் எல்லாத்துலயும் இந்த நோய் எங்கயாவது ஒரு மூலைல ஓடிக்கிட்டே இருக்கும்.

வந்தவங்களுக்கு காய்ச்சல், இருமல், உடம்பெல்லாம் புண்ணு, நாளுக்கு நாள் பலம் குறையும். அதோட அவங்க சக்தி அவங்க கட்டுப்பாட்டுல இருக்காது. நெருப்பை ஆட்டி வைக்கிறவனுக்கு நெருப்பு அடங்காது, அடுத்தவன் மனசைப் படிக்கிறவளுக்கு வேண்டாம்னாலும் எல்லாம் காதுல வந்து விழும். எதை வச்சு இவங்க சண்டை போட்டாங்களோ அதையே நோய் அவங்க மேல திருப்பி விடுது, இந்தக் கதைல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா அதுதான்.

யாரு விட்டது? எதுக்கு விட்டான்?

ஸ்ட்ரைஃப். எதிர்காலத்துல இருந்து வந்தவன், சைக்ளாப்ஸோட மகன் கேபிளோட க்ளோன். அபோகலிப்ஸ்ங்கிற பெரிய வில்லன் கைல வளர்ந்தவன். தன்னைப் பெத்தவங்க எக்ஸ்-மென் தலைவன் சைக்ளாப்ஸும் (ஸ்காட் சம்மர்ஸ்) அவன் காதலி ஜீனும்தான், அவங்க தன்னைத் தூக்கிப் போட்டுட்டாங்கன்னு நம்பி உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டே இருந்தவன். 1992 கடைசில ஆரம்பிச்சு 12 பாகமா நாலு புத்தகத்துல மாத்தி மாத்தி வந்த எக்ஸ்-க்யூஷனர்ஸ் சாங் கதைல சைக்ளாப்ஸையும் ஜீனையும் கடத்திக் குடுக்கச் சொல்லி, மரபணு ஆராய்ச்சி வெறி பிடிச்ச வில்லன் மிஸ்டர் சினிஸ்டர்கிட்ட பேரம் பேசுறான். அதுக்குக் கூலியா ஒரு கேனிஸ்டர். உள்ள சம்மர்ஸ் வம்சத்தோட ரெண்டாயிரம் வருஷ மரபணு சாம்பிள் இருக்குன்னு சொல்லிக் குடுக்கிறான், சினிஸ்டருக்கு அதை விடப் பெரிய ஆசை வேற கிடையாது.

கதை முடிஞ்சு நிலாவுல நடந்த கடைசி சண்டைல ஸ்ட்ரைஃபும் கேபிளும் காணாமப் போயிடறாங்க. அப்புறம் சினிஸ்டர் அந்தக் கேனிஸ்டரை ஆசை ஆசையா திறக்க வைக்கிறான். உள்ள ஒண்ணுமே இல்ல, காலி. காலின்னு அவன் நினைச்சதுதான் வைரஸ். இத்தனை வருஷமா எல்லாரையும் ஏமாத்துன ஆளை வச்சே ஸ்ட்ரைஃப் அந்த மூடியைத் திறக்க வச்சான் பாருங்க, வில்லன்னா இவன்தான்னு தோணும். அவன் விட்டுட்டுப் போன சொத்து இது, அதான் லெகசின்னு பேரு.

கேபிளோட கையில இருக்குற வைரஸும் இதுவும் ஒண்ணுதானே?

இல்ல. இந்தக் குழப்பம்தான் ஜாஸ்தி. கேபிளுக்கு இருக்கிறது டெக்னோ-ஆர்கானிக் வைரஸ், சதையை உலோகமா மாத்தும், அவன் கைக்குழந்தையா இருக்கும்போது அபோகலிப்ஸ் ஏத்தி விட்டது. அது ஒருத்தர்கிட்ட இருந்து ஊரெல்லாம் பரவுற கொள்ளைநோய் இல்ல.

ஏன் குழம்புதுன்னா ரெண்டும் ஒரே கதைக்குள்ள வருது. எக்ஸ்-க்யூஷனர்ஸ் சாங் முதல் பாகத்துல ஸ்ட்ரைஃப் கேபிள் மாதிரியே வந்து எக்ஸ்-மென்னை உருவாக்கின பேராசிரியர் சேவியரைச் சுடுறான், அந்தக் குண்டுல இருந்தது டெக்னோ-ஆர்கானிக் வைரஸ். அவரைக் காப்பாத்தினது அபோகலிப்ஸ், நம்ப மாட்டீங்க ஆனா நிஜம். லெகசி வைரஸ் அந்தக் கதை முடியிற இடத்துலதான் ஆரம்பிக்குது.

முதல்ல செத்தது யாரு? இலியானாதானே?

முதல் ஆள்னு சொல்றதை விட, வாசகர்கள் நெஞ்சுல முதல்ல அடிச்ச சாவு இலியானாவோடதுன்னு சொல்லலாம். எக்ஸ்-மென் டீம்ல இருக்கிற கொலோசஸோட தங்கச்சி. அந்த நேரத்துல அவ மறுபடியும் சின்னக் குழந்தையா மாறியிருந்தா (1989ல வந்த இன்ஃபெர்னோ கதையோட விளைவு, அது தனிப் பஞ்சாயத்து). அன்கேனி எக்ஸ்-மென் 303, 1993.

அந்த இதழை எடுத்துப் பாருங்க. வில்லன் கிடையாது. அடிதடி கிடையாது. ஜூபிலி, எப்பவும் வாய் ஓயாம நக்கல் அடிச்சுக்கிட்டு விரல்ல இருந்து பட்டாசு விடுற பொண்ணு, அவதான் அன்னைக்கு என்ன நடந்ததுன்னு ஜீன்கிட்ட சொல்றா, சொல்லச் சொல்ல அந்த நக்கல் எல்லாம் எங்க போச்சுன்னே தெரியாது. ஒரு கட்டில், அதுல ஒரு குழந்தை, சுத்தி நிக்கிறவங்கள்ல உலகத்துலயே பெரிய டெலிபதி ஆளு (மனசைப் படிக்கிறவர்) சேவியர் ஒருத்தர், ஜெனிடிக்ஸ்ல நோபல் வாங்கின அம்மா மொய்ரா ஒருத்தங்க, யாராலயும் ஒண்ணும் பண்ண முடியல. அடுத்த இதழ்ல, 304ல, அடக்கம் நடக்கிற இடத்துக்கே எக்ஸ்-மென்னோட பரம எதிரி மேக்னீட்டோ வந்து நிக்கிறான், கொலோசஸ் எக்ஸ்-மென்னை உதறிட்டு அவன் கூடப் போயிடறான். ஒரு டீமையே நோய் எப்படி உடைக்கும்னு பாத்தீங்கன்னா இங்கதான், மொத்தக் கதைலயும் இதுக்கு மேல ஒரு உயரம் வரவே இல்லங்கிறது என் அபிப்பிராயம்.

வேற யார் யாரெல்லாம் இதுல போனாங்க?

முக்கியமானவங்களை மட்டும் சொல்றேன். மாஸ்டர்மைண்ட், 1993. இன்ஃபெக்‌ஷியா, அதே வருஷம் எக்ஸ்-மென் 27ல, எக்ஸ்-மென்னோட விஞ்ஞானி பீஸ்ட் கூட இருக்கும்போதே. ரெவான்ஷ், நோய் முத்தி டெலிபதி தாறுமாறா ஏறி, கடைசில மாட்சுவோ கையாலயே தன்னைக் கொல்லச் சொல்லி செத்தா, 1994 (சைலாக்கோட உடம்பு மாறின கதை எல்லாம் இங்க எழுத ஆரம்பிச்சா விடிஞ்சிரும்). ஜெனோஷாங்கிற தீவு நாட்டுல பேர் தெரியாத மியூட்டேட்டுகள் (அங்க அடிமையா மாத்தி வச்சிருந்த மியூட்டன்ட்டுகள்) எத்தனையோ பேர். மல்டிபிள் மேன் எக்ஸ்-ஃபேக்டர் 100ல செத்தான், அப்புறம் பாத்தா செத்தது அவனோட நகல் ஒண்ணு, ஒரிஜினல் உயிரோட இருக்கான். மொய்ரா பத்தி கீழ தனியா இருக்கு.

பைரோவை மட்டும் இன்னும் ரெண்டு வரி சொல்லணும். வாழ்க்கை முழுக்க பிரதர்ஹுட்ங்கிற மியூட்டன்ட் வில்லன் கும்பல்ல சுத்தினவன், வருஷக்கணக்கா நோயோட இழுத்துக்கிட்டு, கடைசில கேபிள் 87ல தன் கூட்டாளிங்க கொல்ல வந்த செனட்டர் கெல்லியைக் காப்பாத்திட்டுச் சாகிறான். மியூட்டன்ட் எதிர்ப்புன்னாலே முதல்ல ஞாபகம் வர்ற அரசியல்வாதி கெல்லி. அந்தச் சாவைப் பாத்து அவர் மனசு மாறுது. மாறினதும் என்ன ஆச்சு? மனுஷங்கள்லயே ஒருத்தன் அவரைச் சுட்டுட்டான்.

எக்ஸ்-மென் என்ன பண்ணாங்க? இத்தனை சக்தி வச்சிக்கிட்டு எட்டு வருஷம் சும்மா இருந்தாங்களா?

சும்மா இல்ல, ஆனா அவங்களுக்குப் பழகின வேலை இதுல இல்ல. ஆயுதம் செஞ்சவன் போயிட்டான், அவனைப் பிடிச்சு அடிச்சாலும் நோய் நிக்கப்போறதில்ல. சென்டினல்ங்கிற மியூட்டன்ட் வேட்டை ரோபோ வந்தா ஸ்டார்ம் மின்னலை விடுவா, இங்க மின்னலை எங்க விடுறது? அதுனால வேலை முழுக்க ரெண்டு இடத்துல நடந்தது. ஒண்ணு சேவியர் மாளிகைல பீஸ்டோட லேப். இன்னொண்ணு ஸ்காட்லாந்து கடலோரத்துல இருக்கிற மியூர் தீவு, மொய்ரா மெக்டாகர்ட்டோட ஆராய்ச்சி நிலையம். எக்ஸ்காலிபர் டீம் அந்தத் தீவுக்கே குடிவந்து கூட இருந்தாங்க.

மத்த ஹீரோக்கள் பண்ணினது நோயாளி பக்கத்துல உக்காந்தது, ஜெனோஷாவுக்கு உதவிக்குப் போனது, பயத்துல மியூட்டன்ட்டுகளை அடிக்க வந்த கும்பலைத் தடுத்தது. நிஜ வாழ்க்கைல கொள்ளைநோய் வந்தாலும் இதேதானே வேலை, மருந்து ஒரு பக்கம், பராமரிப்பு ஒரு பக்கம், வதந்தி ஒரு பக்கம். சண்டைப் பக்கம் எதிர்பார்த்து வாங்கினவங்களுக்கு போர் அடிச்சிருக்கும், அது வாஸ்தவம். மாசாமாசம் சண்டை இல்லாம புத்தகம் விக்காதுங்கிறதால எழுத்தாளர்களும் இதைக் கொஞ்ச நாள் எடுப்பாங்க, அப்புறம் ஆறு மாசம் மறந்துருவாங்க. எட்டு வருஷம் இழுத்ததுக்கு அதான் நிஜமான காரணம்.

அவெஞ்சர்ஸ், ரீட் ரிச்சர்ட்ஸ் எல்லாம் எங்க போனாங்க அண்ணா? அவர் ஒரு ராத்திரில மருந்து கண்டுபிடிச்சிருப்பாரே?

இதைக் கேக்காத ஆளே இல்ல (ரீட் ரிச்சர்ட்ஸ்னா ஃபென்டாஸ்டிக் ஃபோர் டீமோட மேதை விஞ்ஞானி). கதைக்கு வெளிய பதில் ஈசி, ஒவ்வொரு எடிட்டரும் அவங்கவங்க ஹீரோவை அவங்கவங்க கூரைக்குக் கீழதான் வச்சிருந்தாங்க. அதுவும் 1996ல ஆன்ஸ்லாட்ங்கிற வில்லன் கூட நடந்த சண்டை முடிஞ்சு அவெஞ்சர்ஸும் ஃபென்டாஸ்டிக் ஃபோரும் ஒரு வருஷம் வேற உலகத்துக்கே போயிட்டாங்க.

கதைக்கு உள்ள இருந்து பாத்தா வேற மாதிரி தெரியும். சாகிறது மியூட்டன்ட்டுங்க மட்டும்தான்னு இருந்த வரைக்கும் உலகத்துக்கு அது அவசரமாப் படல. மனுஷிக்கும் ஒட்டிக்கிச்சுன்னு டிவி நிருபர் ட்ரிஷ் டில்பி செய்தியைப் போட்டப்புறம்தான் பரபரப்பே வருது. அந்தப் பரபரப்பும் மருந்து எங்கன்னு கேக்கல, மியூட்டன்ட்டுகளைத் தள்ளி வைன்னுதான் கத்திச்சு. ட்ரிஷ் பீஸ்டோட காதலி, அவன் மூலமா தெரிஞ்ச விஷயத்தைத்தான் செய்தியாக்கினா. அவன் கோபப்பட்டதும் நியாயம், அவ சொன்னதும் நியாயம்.

மியூட்டன்ட்டை மட்டும் கொல்ற வைரஸ் மொய்ராவுக்கு எப்படி வந்துச்சு?

கிருமி மாறும், அதான். 1994ல மொய்ராவுக்கு நோய் இருக்கிறது தெரியுது, நோயாளிகளோடவே கிடந்து ஆராய்ச்சி பண்ணினவங்க, முதல் மனுஷ நோயாளின்னு பதிவாகிறாங்க. அதுக்கப்புறமும் லேபை விட்டு வெளிய வரல, தன் ரத்தத்தையே சாம்பிளா வச்சு ஏழு வருஷம் வேலை பாக்கிறாங்க. எக்ஸ்காலிபர் புத்தகம் 1998ல நின்னு போச்சு, ஆனா மொய்ரா நிறுத்தல.

ஸ்ட்ரைஃப் ஒரு கூட்டத்தை மட்டும் குறி வச்சுத்தான் விட்டான், விட்டப்புறம் அது அவன் பேச்சைக் கேக்கல. இந்த விஷயத்துல காமிக்ஸ் பல சீரியஸ் நாவலை விட ஒழுங்கா யோசிச்சிருக்கு.

இது எய்ட்ஸ் பத்தின கதைன்னு சொல்றாங்களே, உண்மையா இல்ல நாமளா சொல்லிக்கிறதா?

நாமளா சொல்லிக்கிறது இல்ல, அந்தக் காலத்து வாசகர்கள் நிறையப் பேர் அப்படித்தான் படிச்சாங்க. ஏற்கனவே ஒதுக்கி வச்ச ஒரு கூட்டத்துக்கு வர்ற நோய், அவங்களுக்குத்தானே வருதுன்னு மத்தவங்க காட்டுற அலட்சியம், மெதுவா உருக்குற சாவு, அப்புறம் எல்லாருக்கும் வரும்னு தெரிஞ்சதும் வர்ற பீதி. 1981ல அமெரிக்காவுல முதல் அறிக்கை வந்ததுல இருந்து 1996ல கூட்டு மருந்து சிகிச்சை வர்ற வரைக்கும் எச்ஐவி வந்தவங்க நிலைமை இதான்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது எங்கயோ நடந்த கதை இல்ல. இந்தியாவுல எச்ஐவி முதல்ல கண்டுபிடிச்சது சென்னைல, 1986ல. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் சேகரிச்ச ரத்த சாம்பிளை வேலூர் சிஎம்சில வச்சு சோதிச்சாங்க. அப்புறம் தொட்டாலே ஒட்டிக்கும்னு பயந்து எல்லாரும் விலகி ஓடின நோயாளிகளுக்காக 1993ல சுனிதி சாலமன் ஒய்ஆர்ஜி கேர் ஆரம்பிக்கிறாங்க. இலியானா கதை வந்த அதே வருஷம். மொய்ரா வர்ற பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு ஸ்காட்லாந்து ஞாபகம் வர்றதே இல்ல.

ஒரே வித்தியாசம், எச்ஐவியை யாரும் செஞ்சு விடல, அது குரங்கினத்துல இருந்து மனுஷனுக்கு வந்த கிருமி. லெகசி வைரஸ் ஆயுதம். இதை மட்டும் கலந்து குழப்பிக்காதீங்க, நிஜத்துல அந்த மாதிரி வதந்திக்கு ஏற்கனவே பஞ்சம் இல்ல.

கடைசில மருந்து எப்படி கிடைச்சுது?

ரெண்டு கட்டமா. 2001 ஆரம்பத்துல வந்த ட்ரீம்ஸ் எண்ட் கதைல உருவம் மாத்துற வில்லி மிஸ்டிக் பிரதர்ஹுட்டோட மியூர் தீவுக்குள்ள புகுந்துடறா. அவ திட்டம் வைரஸைத் திருப்பி மனுஷங்களை மட்டும் கொல்ற மாதிரி மாத்துறது, ஸ்ட்ரைஃப் பண்ணினதை அப்படியே கவுத்துப் போட்டா அதான். வெடிப்புல மொய்ராவுக்குப் பலமான அடி. எக்ஸ்-மென் 108ல சாகிற நேரத்துல, தான் கண்டுபிடிச்ச மருந்து விவரத்தை சேவியர் மனசுக்குள்ள குடுத்துட்டுப் போறாங்க.

ரெண்டாவது கட்டம் அன்கேனி எக்ஸ்-மென் 390. மொய்ரா குடுத்ததை வச்சு பீஸ்ட் மருந்தை முடிச்சிடறான், ஆனா ஒரு சிக்கல். வைரஸ் எப்படி முதல் ஆளோட சாவுல இருந்து காத்துல பரவ ஆரம்பிச்சதோ, மருந்தும் அதே மாதிரிதான் பரவும். ஒருத்தர் ஏத்திக்கிட்டு சாகணும். பீஸ்ட் அதை ஒத்துக்கல, வேற வழி தேடலாம்னு மருந்தை எடுத்து வச்சிட்டான். அவன் லேப்ல இல்லாத நேரத்துல கொலோசஸ் தனியா உள்ள வந்து ஊசியைத் தனக்கே ஏத்திக்கிட்டு சக்தியைக் கிளப்புறான். அவன் செத்தான், உலகம் முழுக்க அந்த நோய் ஒழிஞ்சுது. சாம்பலை அவனோட பழைய காதலி கிட்டி பிரைட் ரஷ்யாவுக்குக் கொண்டு போய்த் தூவுறா.

கொலோசஸ் சாகணும்னு அவசியமா? எனக்கு அது ஏமாத்து மாதிரி இருந்துச்சு

எனக்கும் அப்படித்தான். தங்கச்சியைப் பறிகொடுத்த அண்ணன் வேற எந்த அண்ணனுக்கும் அப்படி ஆகக்கூடாதுன்னு போறது, உணர்ச்சியா பாத்தா கண்ணு கலங்குது, மறுக்கல. ஆனா ஏழு வருஷம் லேப்ல உக்காந்து உடம்பு அழிய அழிய வேலை பாத்தது மொய்ரா. கடைசில பேரு ஊசி போட்டுக்கிட்டவனுக்குப் போயிடுச்சு. சக்தியால ஆகாதுன்னு எட்டு வருஷமா சொல்லிக்கிட்டு வந்த கதை, முடிவுல அவசர அவசரமா ஒரு ஹீரோவோட தியாகத்தைத் தேடிப் போகுது. நிஜத்துல மருந்து அப்படி வர்றதில்ல, சோதனை, தோல்வி, மறு சோதனை, அப்புறம் அதை ஊர் ஊரா கொண்டு சேர்க்கிறதுன்னு அலுப்பான வேலையாத்தான் வரும்.

அந்த பீஸ்ட் கதாபாத்திரத்துக்கும் அநியாயம். யாரையும் சாகடிக்க மாட்டேன்னு மருந்தை நிறுத்தி வச்சது எவ்வளவு பெரிய முடிவு, அதைப் பத்தி ரெண்டு இதழ் எழுதியிருக்கலாம். விட்டுட்டாங்க.

காத்துல தானா பரவுற மருந்து எல்லாம் சயின்ஸ்படி நடக்குமா?

ஒருத்தர் செத்து உலகமே குணமாகிறது கற்பனைதான். ஆனா ஒருத்தருக்குக் குடுத்த மருந்து அடுத்தவருக்கும் போறது நிஜத்துல உண்டு, நாம எல்லாரும் பாத்ததுதான், போலியோ சொட்டு மருந்து. அதுல இருக்கிறது பலவீனப்படுத்தின உயிருள்ள வைரஸ். குழந்தையோட குடல்ல வளர்ந்து மலம் வழியா வெளிய போய் சொட்டு மருந்து போடாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் கொஞ்சம் எதிர்ப்பு சக்தி குடுக்கும். இந்தியாவுல கடைசி காட்டு வகை போலியோ 2011 ஜனவரில, 2014ல போலியோ இல்லாத நாடுன்னு சான்றிதழ் கிடைச்சுது.

அதுலயும் ஆபத்து இருக்கு. தடுப்பூசி கம்மியா போட்ட ஊர்கள்ல அந்த பலவீனமான வைரஸ் கைமாறிக் கைமாறி மறுபடி பலம் வாங்கிக்கும், அபூர்வமா. மொய்ரா கேள்வில சொன்னதுதான் இங்கயும், கிருமி மாறும். பீஸ்ட் மாதிரி ஒரு விஞ்ஞானி தானா பரவுற ஒண்ணை சோதனையே பண்ணாம உலகத்துல விடச் சம்மதிக்கவே மாட்டான்.

ஒரு இனத்தை மட்டும் கொல்ற கிருமி நிஜத்துல செய்ய முடியுமா? பயமா இருக்கு

மனுஷ கூட்டங்களுக்கு நடுவுல கோடு போட்டுப் பிரிக்கிற மாதிரி மரபணு கிடையாது. எக்ஸ்-ஜீன் (மியூட்டன்ட் சக்தியைத் தர்ற மரபணு) இருக்கு இல்லன்னு காமிக்ஸ்ல பிரிக்கிற மாதிரி நிஜத்துல எந்த இனத்தையும் பிரிக்க முடியாது, கலந்துதான் கிடக்கு.

ஆனா ஆசைப்பட்டவங்க இருந்திருக்காங்க. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசோட ப்ராஜெக்ட் கோஸ்ட்னு ஒரு ரகசிய ரசாயன, உயிரியல் ஆயுதத் திட்டம், 1980கள்ல நடந்தது. கறுப்பின மக்களை மட்டும் தாக்குற மாதிரி ஒண்ணைத் தேடினதா அங்க வேலை பாத்த விஞ்ஞானிகளே 1998ல உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்து முன்னாடி சாட்சி சொன்னாங்க. கிடைக்கல. உயிரியல் ஆயுதத்தைத் தடை பண்ற உலக ஒப்பந்தம் 1972ல கையெழுத்தாகி 1975ல அமலுக்கு வந்தது, அதுக்கப்புறமும் 1979ல சோவியத் நகரம் ஸ்வெர்த்லோவ்ஸ்க்ல ராணுவ ஆய்வுக்கூடத்துல இருந்து ஆந்த்ராக்ஸ் கசிஞ்சு அறுபது பேருக்கு மேல செத்தாங்க. கெட்டுப்போன கறி சாப்பிட்டதாலனு பல வருஷம் சாதிச்சாங்க.

லோகன் படத்துல மியூட்டன்ட் எல்லாம் இல்லாம போனது இந்த வைரஸாலதானே?

இல்ல. 2017 லோகன்ல காரணம் சாப்பாட்டுல கலந்த மரபணு மாற்றச் சமாச்சாரம், புதுசா மியூட்டன்ட் பிறக்காம பண்ணிட்டாங்க. 2006ல வந்த இன்னொரு எக்ஸ்-மென் படம் தி லாஸ்ட் ஸ்டாண்ட்ல வர்ற க்யூர் சக்தியை எடுத்துடற ஊசி, நோய்க்கு மருந்து இல்ல.

லெகசி வைரஸுக்குக் கிட்டத்துல வந்தது எக்ஸ்-மென் கார்ட்டூன் சீரிஸ்தான், 1993ல வந்த டைம் ஃப்யூஜிடிவ்ஸ்னு ரெண்டு எபிசோட். அபோகலிப்ஸ் வேஷம் போட்டு வந்து மியூட்டன்ட் எதிர்ப்புக் கும்பலுக்கு நோயைச் செஞ்சு குடுத்து, பழியை மியூட்டன்ட் மேல போட வைக்கிறான். பிஷப்ங்கிற மியூட்டன்ட்டும் கேபிளும் எதிர் எதிர் நோக்கத்தோட எதிர்காலத்துல இருந்து வர்றாங்க.

வுல்வரின் ரத்தத்தை எடுத்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே தல?

மேல சொன்ன கார்ட்டூன்ல அதைத்தான் பண்ணாங்க! நோய் வந்து தேறினா உண்டாகிற எதிர்ப்பு சக்தி மியூட்டன்ட்டுகளோட எதிர்காலத்துக்குத் தேவை, அதுனால வுல்வரினுக்கு நோய் வர வச்சு, அவன் உடம்பு தானா ஆறி ஆன்டிபாடி உண்டாகி, ரெண்டு எபிசோட்ல சுபம். காமிக்ஸ்ல அந்த வழிக்குப் போகாததுதான் நல்லது, என்னைக் கேட்டா. சக்தியையே திருப்பி விடுற நோய்னு முதல் பதில்ல சொன்னேன் இல்லையா, ஆறுற சக்தியையும் அது தாறுமாறா திருப்பி விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, அது மருந்துக் கதையா இருக்காது, பேய்க் கதையா இருக்கும்.

மருந்து வந்தப்புறம் எல்லாம் நல்லபடியா போச்சா?

எங்க போச்சு. மேக்னீட்டோ மிரட்டினதுல 1999ல ஐநா ஜெனோஷாவையே அவன் கைல குடுத்திருந்தது. அங்க இருந்த ஜனத்துல பாதி நோயாளிங்க, அதுனாலதான் அவன் அடங்கி இருந்தான். கொலோசஸ் செத்ததும் அத்தனை பேரும் ஒரே நாள்ல எழுந்து நிக்கிறாங்க, அவனுக்கு ஒரு படையே கிடைச்சிருச்சு. உடனே மனுஷங்க மேல போர், ஈவ் ஆஃப் டெஸ்ட்ரக்‌ஷன் கதை, சேவியரைப் பிடிச்சு கட்டித் தொங்க விட்டான்.

அதையாவது எக்ஸ்-மென் நிறுத்திட்டாங்க. அடுத்த சில மாசத்துலயே நியூ எக்ஸ்-மென் 115ல கசான்ட்ரா நோவாங்கிற வில்லி அனுப்பின சென்டினல்கள் ஜெனோஷாவுல 1 கோடியே 60 லட்சம் பேரைக் கொன்னுடுச்சு. எட்டு வருஷ நோயும் கொலோசஸ் உயிரும் யாருக்காகவோ, அவங்க அந்த வருஷத்தைக் கூடத் தாண்டல. புது எழுத்தாளர் வந்து புதுசா ஆரம்பிக்கணும்னு பழசை எல்லாம் ஒரே இதழ்ல துடைச்சிட்டாங்க.

கொலோசஸ் இப்ப உயிரோடதானே இருக்கான்? அப்ப அந்த சாம்பல் யாரோடது?

2004, அஸ்டானிஷிங் எக்ஸ்-மென் 4. ஆர்ட்னு ஒரு வேற்றுகிரகவாசி உடம்பை மாத்தி எடுத்துட்டுப் போய் உயிர் குடுத்து அடைச்சு வச்சிருந்தான், கிட்டி தூவினது அவன் சாம்பல் இல்ல. அவன் உடம்பை வச்சு நடந்த ஆராய்ச்சில இருந்துதான் மியூட்டன்ட் சக்தியை நீக்குற மருந்தைச் செய்றாங்க, செஞ்சவங்க டாக்டர் கவிதா ராவ், இந்திய விஞ்ஞானி. 2001 மருந்து நோய்க்கு, 2004 மருந்து மியூட்டன்ட்டா இருக்கிறதுக்கே. ரெண்டையும் க்யூர்னே சொல்றதால நிறையப் பேர் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறாங்க. நோயை ஒழிக்கச் செத்தவனோட உடம்பை வச்சு, அவன் பிறந்ததே நோய்னு சொல்ற மருந்து. இலியானாவும் பின்னாடி திரும்பி வந்துட்டா, பைரோவும்.

2019க்கு அப்புறம் மொய்ராவே மியூட்டன்ட்னு சொல்லிட்டாங்க. அப்ப முதல் மனுஷ நோயாளி கதை பொய்யா?

2019ல வந்த ஹவுஸ் ஆஃப் எக்ஸ் கதையைப் படிச்சவங்க எல்லாரும் கேக்கிற கேள்வி. அதுபடி மொய்ரா முதல்ல இருந்தே மியூட்டன்ட், செத்தா மறுபடி பிறந்து வாழ்க்கையை முதல்ல இருந்து வாழ்றவ, 2001ல செத்தது ஷியார்ங்கிற வேற்றுகிரக இனத்தோட தொழில்நுட்பத்துல செஞ்ச ஒரு நகல். அப்படிப் பாத்தா அந்த நோயாளிப் பதிவே ஆட்டம் கண்டுடுது, ட்ரிஷ் போட்ட செய்தியும் தப்பு, அதுனால வந்த கலவரமும் வீண்.

ரெண்டையும் ஒட்ட வைக்க நான் முயற்சி பண்றதில்ல. 1994ல எழுதினவங்க மொய்ராவை மனுஷியாத்தான் எழுதினாங்க, அந்தப் பக்கங்கள் மனுஷின்னு நினைச்சுப் படிச்சாத்தான் வலிக்கும். புதுக் கதை அதோட இடத்துல நல்ல கதை.

எக்ஸ்-மென்னே இந்த வைரஸை ஆயுதமா பயன்படுத்தினாங்கன்னு ஒருத்தர் சொன்னார், சும்மா அடிச்சு விடுறாரா?

அடிச்சு விடல. 2008 சீக்ரெட் இன்வேஷன் நேரத்துல ஸ்க்ரல்கள்ங்கிற வேற்றுகிரகவாசிங்க சான் ஃப்ரான்சிஸ்கோவுல இறங்கினப்ப, லெகசி வைரஸோட ஒரு வகை ஸ்க்ரல்களையும் தாக்கும்னு பீஸ்ட் கண்டுபிடிக்கிறான். சைக்ளாப்ஸ் அதை அவங்க மேல பயன்படுத்த முடிவு பண்றான். ஒரு உயிர் போகக்கூடாதுன்னு மருந்தையே எடுத்து வச்ச அதே பீஸ்ட், இலியானா அடக்கத்துல நின்ன அதே கூட்டம்.

அதே சமயத்துல எக்ஸ்-ஃபோர்ஸ் புத்தகத்துல மனுஷங்க பக்கமும் இதே வேலை நடக்குது. லெப்பர் குவீன்னு ஒருத்தி மியூட்டன்ட் பசங்களைப் பிடிச்சு வைரஸை ஊசில ஏத்தி கூட்டத்துக்கு நடுவுல விடுறா, சக்தி கட்டுமீறி வெடிச்சு நூத்துக்கணக்குல மனுஷங்க சாகிறாங்க, பழி மியூட்டன்ட் மேல. சைக்ளாப்ஸ் பண்ணினது சரியான்னு கேட்டு சண்டைக்கு வராதீங்க. எதிரி ஊருக்குள்ள வந்துட்டான், கைல வேற எதுவும் இல்லன்னு அவன் பக்கம் ஒரு நியாயம் இருக்கு. ஆனா இலியானா சாகிற அந்த 303 இதழைப் படிச்சு முடிச்ச கையோட அந்தக் கதையைப் படிங்க, அவன் அந்த முடிவைச் சொல்ற பக்கத்தை உங்களால சட்டுனு புரட்ட முடியுதான்னு பாத்துட்டு அப்புறம் பேசலாம்.